சீனாவின் நாட்டுக் குதிரை ஏன் குட்டையாக இருக்கிறது?

கேள்வி இதுதான்: சீனாவின் பழைய சிலைகளிலும் ஓவியங்களிலும் வரும் குதிரைகள் கொழுகொழுவென்று, கழுத்தை வளைத்துக்கொண்டு கம்பீரமாக நிற்கின்றன. அந்த நாட்டுக் குதிரைகளின் இன்றைய படங்களைப் பார்த்தால் தலை பெருத்து, கால் குட்டையாக, பிடரி பரட்டையாக இருக்கின்றன. இரண்டில் எது சீனாவின் நாட்டுக் குதிரை? பிற்காலத்தில் உருவாக்கிய இனங்கள் என்கிறார்களே, அவை எவை?

சுருக்கமாகச் சொன்னால், அந்தக் குட்டைதான் நாட்டுக் குதிரை. ஓவியத்தில் நிற்பது பெரும்பாலும் விலை கொடுத்தோ, படை அனுப்பியோ, பரிசாகவோ மேற்கிலிருந்து வந்த குதிரை. அந்த உயரத்தைத் தன் மண்ணில் நிலைக்க வைக்கச் சீன அரசுகள் இரண்டாயிரம் ஆண்டுகளாக முயன்றன. ஒவ்வொரு முறையும் சில தலைமுறைகளில் மண் பழைய குட்டைக் குதிரையையே திருப்பிக் கொடுத்தது. இன்று 'உருவாக்கிய இனம்' என்று பட்டியலில் இருப்பவை அந்த முயற்சியின் கடைசிச் சுற்று.

சீன அரசின் கால்நடை இனப் பட்டியலில் நாட்டுக் குதிரைகள் 29, உருவாக்கியவை 13. அத்தனையையும் ஒப்பித்தால் மளிகைக் கடைச் சீட்டு மாதிரி ஆகிவிடும். தவிர, அடுத்தடுத்த மாவட்டத்து இனங்கள் சிலவற்றுக்கு நடுவில் பெயரைத் தவிர வேறு வித்தியாசம் உண்டா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் குடும்பம் குடும்பமாகச் சொல்கிறேன்.

'நாட்டு' என்ற சொல்லை நாட்டு மாடு, நாட்டுக் கோழி என்று நாம் சொல்லும் பொருளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியிலேயே அங்கே தோன்றியது என்று பொருள் இல்லை. இன்று உலகெங்கும் உள்ள வீட்டுக் குதிரையின் பூர்வீகம் வோல்கா, தோன் ஆறுகளை ஒட்டிய புல்வெளி என்றும், ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன் அது அங்கிருந்து பரவத் தொடங்கியது என்றும் 2021இல் வந்த பழங்கால டி.என்.ஏ. ஆய்வு காட்டியது. சீனாவில் ஆன்யாங் அருகே ஷாங் அரசர்களின் தலைநகரில், கி.மு. 1200 வாக்கில், தேரும் குதிரையும் ஒன்றாகப் புதைத்த குழிகள் கிடைத்திருக்கின்றன. அதாவது அங்கேயும் குதிரை வந்தேறிதான், வந்து மூவாயிரம் ஆண்டு ஆகிவிட்டது, அவ்வளவே. வடமேற்கில் சுங்காரியப் பாலையில் திரிந்த பிரசவால்ஸ்கி காட்டுக்குதிரையைச் சீனக் குதிரையின் மூதாதை என்று சிலர் எழுதுவது தவறு. அதற்குக் குரோமோசோம் 66, வீட்டுக் குதிரைக்கு 64. அது சீனாவில் அற்றுப்போன பிறகு, வெளிநாட்டு விலங்குக்காட்சி சாலைகளில் பிழைத்திருந்தவற்றின் வாரிசுகளை 1980களில் வாங்கிவந்து சின்ஜியாங்கின் ஜிம்சாரில் பெருக்கினார்கள். 2001இல் கலாமைலி வெளியில் மறுபடி திறந்து விட்டார்கள். அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனி வடக்கு. வடசீனத்தின் குதிரை இனங்கள் பெரும்பாலும் மங்கோலியக் குதிரை என்ற ஒரே மாவில் வார்த்தவை. தோள் உயரம் 120 முதல் 135 செ.மீ., எடை 300 கிலோ வாக்கில். பெரிய தலை, தடித்த குட்டைக் கழுத்து, அகன்ற நெஞ்சு. அதற்கு லாயம் கிடையாது, தீவனத் தொட்டியும் கிடையாது. வெப்பநிலை மைனஸ் 40 வரை இறங்கும் குளிரில் வெட்டவெளியில் நின்று, முன்னங்காலால் பனியைச் சுரண்டி, அடியில் காய்ந்து கிடக்கும் புல்லைத் தின்று உயிரைப் பிடித்துக்கொள்ளும். வசந்தம் வரும்போது எலும்பும் தோலுமாக இருக்கும். கோடையில் மறுபடி உடம்பு தேறிவிடும். இந்தச் சுழற்சியைத் தாங்கும் உடலுக்குத்தான் அங்கே பிழைப்பு. உயரமான குதிரைக்குத் தீனி கூடுதல், உடம்பில் கொழுப்பு குறைவு. பனிக்காலம் முதலில் கொண்டுபோவது அதைத்தான். 'ஏன் குட்டை' என்பதற்கு முக்கால்வாசிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மங்கோலியக் குதிரைக்குள்ளேயே மண்ணுக்கு மண் ஒரு வகை உண்டு. கிழக்கே புல் செழித்த ஷிலிங்கோல் பக்கத்து உஜும்சின் வகை கொஞ்சம் வாட்டசாட்டமானது. ஓர்தோஸ் மணற்காட்டின் ஊஷின் வகை சிறியது, அதன் குளம்பு மணலில் புதையாதபடி அகன்றிருக்கும். எனக்குப் பிடித்தது பைச்சா குதிரை. சிஃபெங் பகுதியில் பைச்சா என்று ஒரு மலைப்பள்ளத்தாக்கு, முழுக்கப் பாறை. அங்கே வளரும் குதிரைக்குக் குளம்பு அவ்வளவு கெட்டி, லாடம் அடிக்காமலே கற்பாதையில் போகும். ஊர்க்காரர்கள் அதை 'இரும்புக் குளம்பு' என்றே அழைக்கிறார்கள். ஒரே இனந்தான், காலடியில் மணல் இருந்தால் ஒரு குளம்பு, கல் இருந்தால் இன்னொரு குளம்பு.

இந்தக் குட்டைக் குதிரையை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். செங்கிஸ்கான் காலத்தில் ஒவ்வொரு வீரனும் மாற்றுக் குதிரைகள் சிலவற்றை ஓட்டிக்கொண்டு போனதால்தான் அந்தப் படை அத்தனை தூரம் போக முடிந்தது. தீவன வண்டி பின்னால் வரத் தேவையில்லை, வழியில் இருக்கும் புல் போதும். 19ஆம் நூற்றாண்டில் ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் ஆங்கிலேயர் நடத்திய பந்தயங்களில் ஓடியதும் இதே குதிரைதான். மங்கோலியாவிலிருந்து மந்தையாக ஓட்டிவந்து, ஏலம் போட்டு, பழக்கி, ஓட விடுவார்கள். ஷாங்காயின் பணக்காரக் கனவான்கள் நீண்ட கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு இந்த மட்டக்குதிரைகளில் ஏறி ஓடிய காட்சி எப்படி இருந்திருக்கும்!

பிறகு உயரமான குதிரை ஏன் தேவைப்பட்டது? அதற்குக் காரணம் போர் முறை. தேரில் ஏறிச் சண்டை போட்ட காலத்தில் குதிரை எவ்வளவு உயரம் என்பது பெரிய விஷயமாக இல்லை. கி.மு. 307இல் சாவ் நாட்டு அரசர் வூலிங் தம் படைக்கு நாடோடிகளின் குட்டைச் சட்டையையும் கால்சராயையும் மாட்டிவிட்டு, குதிரை முதுகில் இருந்தபடியே அம்பு விடப் பழக்கினார். நீள அங்கி போட்ட பிரபுக்கள் முகம் சுளித்தார்கள், ஆனால் அதன் பிறகு சீனப் போர்க்களம் குதிரைப்படையின் களம் ஆகிவிட்டது. எதிரிகளான சியோங்னு நாடோடிகளோ பிறந்ததிலிருந்து குதிரை மேல் வாழ்ந்தவர்கள். உழவு நாடான சீனத்தில் நல்ல நிலம் எல்லாம் பயிருக்குப் போய்விட்டது, மேய்ச்சலுக்கு எஞ்சியது எல்லைப்புறம் மட்டும். எதிரியின் நிலத்தில்தான் குதிரை விளையும், அந்த எதிரியை அடிக்கவும் குதிரைதான் வேண்டும். சீன அரசுகளின் நெடுநாள் தலைவலி இது.

இங்கேதான் 'விண்ணகக் குதிரை'க் கதை வருகிறது. கி.மு. 138இல் ஹான் பேரரசர் வூ மேற்கே அனுப்பிய சாங் சியான் என்ற தூதர், 13 ஆண்டு கழித்துத் திரும்பி வந்து, மத்திய ஆசியாவின் ஃபெர்கானாவில் இரத்தம் வியர்க்கும் குதிரைகள் இருப்பதாகச் சொன்னார். முதலில் இலிப் பள்ளத்தாக்கின் வூசுன் மக்களிடமிருந்து குதிரைகள் வந்தன. ஹான் இளவரசி ஒருத்தியைப் பெண் கேட்டு அவர்கள் கொடுத்த சீர் ஆயிரம் குதிரை. பேரரசர் மகிழ்ந்து போய் அவற்றுக்கு 'விண்ணகக் குதிரை' என்று பெயர் வைத்தார். பிறகு ஃபெர்கானாக் குதிரையைப் பார்த்ததும் அந்தப் பட்டத்தைப் பிடுங்கி அதற்குக் கொடுத்துவிட்டு, வூசுன் குதிரைக்கு 'மேற்கெல்லை' என்று வேறு பெயர் சூட்டினார்.

ஃபெர்கானாக்காரர்கள் தங்கள் உயர்ந்த குதிரைகளை விற்க மறுத்தார்கள். பொன்னும், பொன்னால் செய்த குதிரைச் சிலையும் கொண்டுபோன தூதர் கோபத்தில் அந்தச் சிலையை அடித்து நொறுக்கிவிட்டுக் கிளம்பினார், வழியில் அவரைக் கொன்றுவிட்டார்கள். கி.மு. 104இல் தளபதி லி குவாங்லி தலைமையில் போன முதல் படை பட்டினியில் சிதைந்து திரும்பியது. இரண்டாம் முறை 60,000 வீரர், 30,000 குதிரை, 1,00,000 மாடு என்று கிளம்பினார்கள். முற்றுகை தாங்காமல் ஃபெர்கானாப் பிரபுக்கள் தங்கள் அரசனையே கொன்று சமாதானம் பேசினார்கள். கிடைத்தது என்ன தெரியுமா? முதல் தரக் குதிரை சில பத்து, நடுத்தரம் 3,000 சொச்சம். படை எல்லைக்குத் திரும்பி வந்தபோது எஞ்சியவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேர், குதிரை ஆயிரத்துச் சொச்சம். 30,000 குதிரையை ஓட்டிப்போய் ஆயிரத்தோடு வந்து சேர்ந்த வியாபாரம் இது. இரத்த வியர்வைக்குக் காரணம் தோலுக்கடியில் வாழும் ஒரு வகை ஒட்டுண்ணிப் புழுவாக இருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். அது முட்டையிடத் தோலைத் துளைக்கும்போது இரத்தம் கசியும்.

அந்தக் குதிரைகளின் இரத்தம் என்ன ஆனது? கரைந்துவிட்டது. சில பத்துக் குதிரை வந்தால், பல்லாயிரம் மங்கோலியப் பெண் குதிரைகளின் மந்தையில் அது எத்தனை நாள் நிற்கும்? பெண் குதிரைகளும் அதே அளவில் வந்து, தனி லாயம், தனித் தீவனம், தனி இனப்பெருக்கம் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தால் ஒருவேளை நின்றிருக்கும். ஆனால் அதே காலத்துத் தூதர்கள் மேற்கிலிருந்து இன்னொன்றையும் கொண்டுவந்தார்கள்: அந்தக் குதிரைகள் தின்ற தீவனப் பயிரின் விதை. அரண்மனையைச் சுற்றி அதை விதைத்தார்கள். நம் ஊர் மாட்டுப் பண்ணைகளில் குதிரைமசால் என்கிறோமே, அதேதான். குதிரை மறைந்துவிட்டது, குதிரைமசால் வடசீனம் முழுக்க வேர்விட்டு இன்றுவரை நிற்கிறது. என்னைக் கேட்டால் அந்தப் படையெடுப்பின் நிஜ லாபம் அந்த விதைதான்.

தாங் அரசின் காலத்தில் முயற்சி இன்னும் பெரிதாக நடந்தது. 7ஆம் நூற்றாண்டில், ஏறக்குறைய 3,000 குதிரையில் தொடங்கிய அரசு மந்தைகள், சாங் வான்சுயி என்ற அதிகாரியின் பொறுப்பில் சில பத்தாண்டுகளுக்குள் 7,06,000 ஆகப் பெருகின. காரணம், இன்றைய கான்சுப் பகுதியின் மேய்ச்சல் நிலம் அவர்கள் கையில் இருந்தது, துருக்கியரிடமிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் நல்ல குதிரை தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. நீங்கள் ஓவியத்தில் பார்க்கும் கொழுத்த குதிரை பெரும்பாலும் இந்தக் காலத்தது. பேரரசர் தைசோங் தம் ஆறு போர்க்குதிரைகளைக் கல்லில் செதுக்கித் தம் கல்லறை வளாகத்தில் நிறுத்தச் சொன்னார். அவற்றில் நான்கு சியானில் இருக்கின்றன, இரண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில். நெஞ்சில் அம்பு தைத்த குதிரையிடமிருந்து ஒரு வீரர் அதை உருவும் சிற்பத்தைப் பாருங்கள், அந்தக் குதிரையின் முகத்தில் தெரியும் பொறுமை லேசில் மறக்காது. 755இல் ஆன் லூஷான் என்ற தளபதியின் கலகம் வெடித்ததும் எல்லைப்படைகள் உள்நாட்டுக்குத் திரும்பின, மேய்ச்சல் நிலத்தைத் திபெத்தியர் பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு உய்குர்களிடம் ஒரு குதிரைக்கு 40 சுருள் பட்டு என்று கொடுத்து, பல சமயம் நோஞ்சான் குதிரைகளை வாங்கும் நிலை வந்தது.

இப்போது மேற்கு உயர்நிலம். ஹெச்சூ என்றால் ஆற்று வளைவு. மஞ்சள் ஆறு பிறந்து சிறிது தூரம் வந்ததும் கான்சு, சிங்ஹாய், சிச்சுவான் மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஒரு பெரிய வளைவு எடுக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 3,300 மீட்டருக்கும் கூடுதலான உயரம், சதுப்பும் புல்லும் கலந்த பூமி, மேய்ப்பவர்கள் பெரும்பாலும் திபெத்தியர். அங்கே உள்ள ஹெச்சூ குதிரைதான் சீன நாட்டுக் குதிரைகளில் உடம்பால் பெரியது. ஆண் குதிரை 137 செ.மீ. வாக்கில் நிற்கும், மூக்குத் தண்டு லேசாகப் புடைத்து முயல் முகம் போலத் தெரியும். முன்பு சீனர்கள் இதைத் 'தென்காட்டவர் குதிரை' என்ற பொருளில் கொஞ்சம் ஏளனமான பெயரால் அழைத்தார்கள். 1954இல்தான் ஹெச்சூ என்ற பெயர் வந்தது. நம்மூர்க் கண்ணுக்கு 137 செ.மீ. ஒன்றும் பெரிதல்ல, ஆனால் காற்றே மெலிந்த அந்த உயரத்தில், சேற்றில் கால் வைத்துப் பொதி இழுக்க இதைவிட நல்ல குதிரை கிடையாது. சதுப்பு அதிகமான பகுதியில் பிறந்தவற்றுக்குக் குளம்பு தட்டையாகவும் பெரிதாகவும் இருக்கும், ஆனால் மென்மை. பைச்சாவின் பாறைப் பாதையில் விட்டால் இரண்டு நாளில் நொண்டிவிடும்.

திபெத்தியக் குதிரை இன்னும் மேலே வாழ்கிறது, ஆகவே இன்னும் சிறியது. மெல்லிய காற்றில் பிழைக்க உதவும் ஈ.பி.ஏ.எஸ்.1 என்ற மரபணுவில் அதற்குத் தனி மாற்றம் உண்டு. திபெத்திய மனிதர்களிடமும் உயரத்துக்குப் பழகிய தடயம் அதே மரபணுவில்தான் இருக்கிறது.

உயர்நிலத்தின் வடக்கு ஓரத்தில், சீலியன் மலையடிவாரத்தில், நடைக்குப் பேர்போன குதிரைகள் உண்டு. சாதாரணக் குதிரை மெல்லோட்டத்தில் வலது முன்னங்காலையும் இடது பின்னங்காலையும் சேர்த்து எடுத்து வைக்கும், குறுக்குவாட்டில். இவை அப்படியில்லை. ஒரே பக்கத்து முன்கால், பின்கால் இரண்டையும் சேர்த்து வீசிப் போடும், ஒட்டகம் மாதிரி. மேலே இருப்பவருக்குக் குலுக்கல் தெரியாது, படகில் போவது போல லேசான ஆட்டம் மட்டும். சிங்ஹாயின் தாதோங் குதிரையும், கான்சுவின் தியான்சு மலைப்பகுதியில் உள்ள சாக்கோயி குதிரையும் இதில் கெட்டிக்காரர்கள். சாக்கோயி என்ற பெயரின் கடைசியில் இருக்கும் 'யி' அஞ்சல் நிலையத்தைக் குறிப்பது. லான்சோவிலிருந்து வூவெய் போகும் பழைய ராஜபாட்டையில், அவசர ஓலை சுமந்து வருபவர்கள் குதிரை மாற்றிக்கொண்ட இடம். நாள் முழுக்கச் சேணத்தில் உட்கார்ந்து போகிறவனுக்குப் பாய்ச்சலைவிட இடுப்பு நோகாத நடைதான் முக்கியம். சில குட்டிகளுக்கு இந்த நடை பழக்காமலே வரும். அவற்றை 'கருப்பையிலேயே நடந்தது' என்று ஊரில் சொல்வார்கள்.

தெற்கே போனால் உயரம் இன்னும் குறைகிறது. யுன்னான், குய்சோ, சிச்சுவான், குவாங்சி மலைகளில் உள்ள குதிரைகள் பெரும்பாலும் 110 முதல் 120 செ.மீ.தான். சோங் அரசுக்கு வடக்கு மேய்ச்சல் நிலம் முழுக்கக் கைநழுவிப் போனபோது இவற்றுக்குத் திடீர் மவுசு வந்தது. 1074இல் சிச்சுவான் தேயிலையைக் கொடுத்துத் திபெத்தியப் பகுதிக் குதிரையை வாங்கத் தனி அலுவலகமே திறந்தார்கள். வடக்கு முழுதும் போன பிறகு, தென்சோங் அரசு குவாங்சியின் ஹெங்ஷான் கோட்டையில் சந்தை வைத்து, யுன்னானில் அப்போது இருந்த தாலி என்ற நாட்டுப் பக்கமிருந்து வரும் குதிரைகளை வாங்கியது. வடக்குக் குதிரைக்கு ஈடாகாது என்று தெரிந்தேதான் வாங்கினார்கள். ஏறக்குறைய அதே நூற்றாண்டுகளில் பாண்டியர்கள் அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். உழவு செழித்த நாடுகளுக்கு இது ஒரு பொது வியாதி போலிருக்கிறது.

போருக்குத் தோற்ற குதிரை பொதிக்கு ஜெயித்தது. யுன்னானிலிருந்து லாசா வரை தேயிலை போன மலைப்பாதைகளில் இந்தக் குட்டைக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும்தான் போக்குவரத்து. பொதிக் கூட்டத்தின் முன்னால் போவதற்குச் சிவப்புக் குஞ்சம், கழுத்தில் மணி, நெற்றியில் சின்னக் கண்ணாடி கட்டுவார்கள். குறுகலான பாதையில் எதிரே வரும் கூட்டம் மணிச் சத்தம் கேட்டு முன்கூட்டியே ஒதுங்கி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கூட்டமும் மலை விளிம்பில் சிக்கிக்கொள்ளும். அந்த மாதிரிப் பாதையில் 150 செ.மீ. குதிரையை நிறுத்திப் பாருங்கள், திரும்பக்கூட இடம் இருக்காது.

இதிலேயே மிகச் சிறியது தெபாவோ மட்டக்குதிரை. பழைய சீனக் குறிப்புகளில் 'பழமரத்தடிக் குதிரை' என்று ஒன்று வரும். ஏறி உட்கார்ந்தபடியே பழமரக் கிளைக்கு அடியில் போகலாம், அவ்வளவு குட்டை. ஹான் அரண்மனை லாயத்தில் மூன்று சீன அடி உயரமுள்ள அப்படிப்பட்ட குதிரைகள் சிறு வண்டி இழுத்ததாகவும் குறிப்பு உண்டு. இது கட்டுக்கதை என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1981இல் வாங் தியேச்சுவான் என்ற குதிரை ஆய்வாளர் குவாங்சியில் தெபாவோ, ஜிங்ஷி பகுதிகளின் சுண்ணாம்பு மலைகளுக்குள் ஒரு மீட்டர் உயரமே உள்ள வளர்ந்த குதிரைகளைக் கண்டார். ஊர்க்காரர்களுக்கு அது புதிதே இல்லை, அதன் முதுகில் சோளமும் விறகும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது 106 செ.மீ.க்கு உட்பட்டதுதான் மட்டக்குதிரை என்று அளவு வைத்து, பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பூங்காக்களில் குழந்தைகளைச் சுமக்கிறது.

இனி உருவாக்கிய இனங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றின் கதை ஒன்றுதான்: அடியில் மங்கோலிய அல்லது கசாக் பெண் குதிரை, மேலே ரஷ்யப் பொலிக்குதிரை. மூன்று மட்டும் விரிவாகச் சொல்லத் தக்கவை.

சான்ஹே என்றால் மூன்று ஆறுகள். உள் மங்கோலியாவின் வடகோடியில் ஹுலுன்பூயிர் புல்வெளியில், அர்குன் ஆற்றில் கலக்கும் மூன்று கிளையாறுகளின் படுகை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், 1917 புரட்சிக்குப் பிறகும் எல்லை தாண்டி வந்த ரஷ்யக் குடும்பங்கள் தங்கள் குதிரைகளோடும் மாடுகளோடும் இங்கே குடியேறினார்கள். பைக்கால் ஏரிக்கு அப்பாலுள்ள குதிரையும் ஓர்லோவ் குதிரையும் மங்கோலியக் குதிரையோடு கலந்தன. திட்டம் போட்டு யாரும் தொடங்கவில்லை. விவசாயிகள் தங்கள் வண்டிக்கும் சவாரிக்கும் ஏற்றதை வைத்துக்கொண்டார்கள், பிற்பாடு அரசு பண்ணை வைத்து இனமாக்கியது. குளிரையும் தாங்கும், மங்கோலியக் குதிரையைவிட ஒரு சாண் உயரமும் இருக்கும். என் கணிப்பில் உருவாக்கிய இனங்களில் இதுவே மண்ணோடு மிக நன்றாக ஒட்டியது. மேலிருந்து உத்தரவு போட்டு ஆக்காததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இலிக் குதிரை சின்ஜியாங்கின் மேற்கு மூலையில், பழைய வூசுன் பூமியில். அடிப்படை கசாக் குதிரை. கசாக் மக்களுக்குக் குதிரைதான் சவாரி, இறைச்சி, குளிர்காலத்துக்கான குதிரைக்கறித் தொத்திறைச்சி, கோடையில் பாலைப் புளிக்கவைத்த குமிஸ் பானம், எல்லாமே. அந்தப் பெண் குதிரைகளோடு ஓர்லோவ், தோன், புத்யோன்னி ஆகிய ரஷ்யப் பொலிக்குதிரைகளைச் சேர்த்து 145 செ.மீ.க்கு மேல் உயர்த்தினார்கள். ஓரளவு வந்ததும் வெளிக் குதிரையை நிறுத்திவிட்டு, கலப்பினத்துக்குள்ளேயே இணைசேர்த்து இனத்தை நிலைப்படுத்தினார்கள். சாவ்சு என்ற ஊர் இன்று தன்னை 'விண்ணகக் குதிரையின் தாயகம்' என்று சொல்லிக்கொண்டு விழா நடத்துகிறது. வூசுன் குதிரையிடமிருந்து பேரரசர் பிடுங்கிய பட்டத்தை இரண்டாயிரம் ஆண்டு கழித்து மீட்டுக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் குதிரையின் உயரத்தில் பாதி தோன் ஆற்றங்கரைச் சரக்கு.

மூன்றாவது ஷாந்தான். கி.மு. 121இல் ஹான் தளபதி ஹுவோ சூபிங் சியோங்னுக்களை விரட்டிப் பிடித்த சீலியன் மலையடி மேய்ச்சல் நிலத்தில் உள்ள குதிரைப் பண்ணை அது. அரசு மாறினாலும் அந்த நிலத்தில் படைக்குதிரை வளர்ப்பது மட்டும் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. கம்யூனிஸ்ட் அரசின் ராணுவமும் அதே இடத்தில் உள்ளூர்க் குதிரையோடு தோன் குதிரையைக் கலந்து ஷாந்தான் இனத்தை ஆக்கியது. ஒரு முறை தோன் குதிரையோடு சேர்த்ததில் உயரம் வந்தது, ஆனால் மலைக் காற்றும் குளிரும் ஒத்துவரவில்லை. அதனால் பிறந்த கலப்புப் பெண் குதிரைகளை மறுபடி உள்ளூர்ப் பொலிக்குதிரையோடு சேர்த்து, வெளி இரத்தத்தைக் கால்பங்குக்கு இறக்கினார்கள். ஹான் காலத்தில் யாரும் கணக்குப் போடாத பாடம் இது. உயரத்துக்கு ஆசைப்படலாம், ஆனால் முக்கால் பங்கு மண்ணின் குதிரையாக இருந்தால்தான் அது அங்கே நிற்கும்.

மற்றவை பெரும்பாலும் இழுவைக் குதிரைகள். 1950களில் வடகிழக்கின் பரந்த கரும்மண் வயல்களுக்கும் ரப்பர்ச் சக்கரம் போட்ட பெரிய வண்டிகளுக்கும் கனத்த குதிரை தேவைப்பட்டது. சோவியத்திலிருந்து ஆர்தென், சோவியத் கனரக இழுவைக் குதிரை, விளாதிமிர் என்று வந்து இறங்கின. ஜிலின், ஹெய்லோங்ஜியாங், லியாவோநிங்கின் தியேலிங், ஷாந்தோங் கடலோரத்தின் போஹாய், ஷான்ஷியின் குவான்சோங் எல்லாம் இந்தத் தொகுதி. குவான்சோங் குதிரை வளர்ந்தது சியானைச் சுற்றிய வெய் ஆற்றுச் சமவெளியில். ஹான் பேரரசர் அரண்மனையைச் சுற்றிக் குதிரைமசால் விதைத்த அதே பூமி. மேய்ச்சல் நிலமே இல்லாத இடத்தில் கட்டிப்போட்டுத் தீனி கொடுத்து ஓர் இனத்தை ஆக்க முடிந்ததற்கு அந்தப் பயிர்தான் கை கொடுத்தது.

இந்த இழுவைக் குதிரைகளின் ஆயுள் முப்பது ஆண்டுக்கு மேல் இல்லை. 1980களில் கூட்டுப்பண்ணைகளைக் கலைத்து நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்தார்கள், குதிரைகளும் பிரிந்தன. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவனுக்கு 600 கிலோ குதிரை எதற்கு? சின்ன டிராக்டர் வந்தது, அது நின்றால் தீனி கேட்காது. பொலிக்குதிரை நிலையங்கள் மூடின. தியேலிங் போன்ற இனங்களில் கலப்பில்லாத குதிரையைத் தேடிப் பிடிப்பதே இன்று கஷ்டம். அதே காலத்தில் ராணுவமும் குதிரைப்படையைக் கலைத்தது, ஷாந்தான் பண்ணை 2001இல் ராணுவத்தின் கையை விட்டுப் போனது. 1970களின் இறுதியில் ஒரு கோடிக்கு மேல் குதிரை இருந்த நாட்டில் இன்று 40 லட்சத்துக்கும் குறைவு. ஓடுவதற்கென்று இப்போது தரோபிரெட் என்ற மேலைநாட்டுப் பந்தய இனத்தை இறக்குமதி செய்கிறார்கள், அதை இலிக் குதிரையோடு சேர்த்துப் பந்தயக் குதிரை ஆக்கிப் பார்க்கிறார்கள். பழைய ஆசை விடவில்லை.

ஆட்டம் கண்டது பெரிய குதிரைகள் மட்டுமே என்று நினைக்க வேண்டாம். மோட்டார் சைக்கிள் வந்த பிறகு மங்கோலிய மேய்ப்பர்களே குதிரையைக் குறைத்துவிட்டார்கள். ஃபூஜியன் கடலோரத்தில் ஜின்ஜியாங் குதிரை என்று உப்புக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழகிய ஓர் இனம் உண்டு, எண்ணிக்கை மிகச் சொற்பம். ஆனால் பால், இறைச்சி, மலைப்பொதி, சுற்றுலாச் சவாரி என்று ஏதோ ஒரு வேலை கையில் இருக்கும் நாட்டு இனங்கள் தாக்குப் பிடிக்கின்றன. அபாகா பகுதியின் கறுப்பு மங்கோலியக் குதிரை அதன் பாலுக்காகவே இப்போது மதிப்புப் பெற்றிருக்கிறது.

நீங்கள் கேட்ட சிலை விஷயத்துக்கு வருகிறேன். பறக்கும் குதிரை என்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்த வெண்கலச் சிலை 34.5 செ.மீ. உயரம்தான். 1969இல் கான்சுவின் வூவெய் ஊரில், லெய்தாய் மேட்டுக்கு அடியிலிருந்த கிழக்கு ஹான் காலக் கல்லறையில் கிடைத்தது. ஒரு பின்னங்கால் மட்டும் பறவை மேல் ஊன்றியிருக்கும், மீதி மூன்றும் காற்றில். உடம்பைப் பார்த்தால் மேற்கத்திக் குதிரை என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் கால்களைக் கவனியுங்கள். ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து வீசுகின்றன என்று குதிரை அறிந்தவர்கள் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். சாக்கோயி குதிரையின் தியான்சு மலைகள் அதே வூவெய்க்குத் தெற்கே, நிர்வாகக் கணக்கில் இன்றும் அந்த நகரத்தைச் சேர்ந்தவை.